நிமியாவின் வலது முழங்கால்

எலிஹியோ பருவா ஆடுகளத்தில் விழும்போதெல்லாம் அந்த வலி சான் ரோக்கே துறை என்ற ஊரில் இருந்த அவனுடைய அக்கா நிமியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. நிஜமாக விழுந்தானா, நடித்தானா என்று வலி பார்ப்பதில்லை. அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருண்டால் இங்கே இவளுக்குக் கணுக்கால் வீங்கும். முகத்தைப் பொத்திக்கொண்டு சாய்ந்தால் இவளுக்குப் புருவம் கறுத்துப்போகும். ஒருமுறை வெளிநாட்டு ஆட்டமொன்றில் அவன் பெனால்டி பகுதியில் உருள ஆரம்பித்து மூலைக்கொடி வரைக்கும் உருண்டுகொண்டே போனான். அந்த வருஷத் தவக்காலம் முழுக்க நிமியா நொண்டினாள். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். எலிஹியோவுக்கு மட்டும் தெரியாது. யார் உதைத்தாலும் தனக்கு உறைப்பதில்லை என்பதால் தன் கால் இரும்பு என்று அவன் நினைத்துக்கொண்டான். பத்திரிகைகளும் அப்படியே எழுதின.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. அவன் பராகுவே தேசிய அணியில் சேர்ந்த புதிதில் ஊரே சதுக்கத்தில் கூடி, லப்பாச்சோ மரத்தடியில் தொலைக்காட்சியை வைத்து ஆட்டம் பார்க்கும். அவன் விழுந்ததும் ஊரே ஒரே குரலில் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு ஒரே நேரத்தில் காலைச் சொறிந்துகொள்ளும். ஆற்றங்கரை ஊர் என்பதால் கொசு என்று நினைத்தார்கள். நகராட்சிகூட ஒருதரம் புகை அடித்தது. பாதிரியார் ஆர்செனியோதான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். எங்கள் கோயிலில் புனித ரோக்கே அங்கியை விலக்கித் தன் தொடைப் புண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அதன் முன்னால் மண்டியிட்டிருந்தபோது அவருக்குப் பட்டது: யார் பரிதாபப்படுகிறார்களோ அவர்களுக்கு வலி போகிறது, எத்தனை பேர் பரிதாபப்பட்டாலும் அத்தனை பேருக்கும் பங்காகிறது. ஒரு ஊரே சுமந்தால் எந்த வலியும் கொசுக்கடிதான். இதைக் கேட்டு யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஒரே கோப்பையில் தெரெரே என்னும் குளிர்ந்த இலைச்சாறு குடித்துக் கைமாற்றிக் கைமாற்றி வளர்ந்த ஊர் இது.

பிறகு வீடியோ நடுவர்கள் வந்தார்கள். எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு விழுகையையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததை நாங்களும் பார்த்தோம். எதிராளியின் காலுக்கும் எலிஹியோவின் காலுக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி போகிற அளவுக்கு இடம் இருந்தது. ஒருதரம் முழங்கையால் யாரோ இடித்தது தோளில். எலிஹியோ பிடித்துக்கொண்டது கண்ணை. சதுக்கத்தில் சிரிப்பு கிளம்பியது. சிரித்தவனுக்கு வலி வருவதில்லை. ஒவ்வொருவராகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிக்காதவர்கள்மேல் வலி கனத்துக்கொண்டே போனது. கொசுக்கடி தேள்கடியானது, தேள்கடி குதிரை உதையானது. கடைசியில் நாவிதர் தெயோபிலோவும் நிமியாவும் மட்டும் ஆளுக்குப் பாதி சுமந்தார்கள். பிறகு ஒருநாள் எலிஹியோ தன் ஷூ நாடாவே தடுக்கி விழுந்துவிட்டுப் பின்னால் வந்தவனைக் கைகாட்டினான். தெயோபிலோ அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்துச் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து முழுப் பங்கும் நிமியாவுக்கு.

நிமியா பேருந்தில் சீப்பா விற்பவள். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் பிசைந்து வளையமாகச் சுட்ட ரொட்டியைக் கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரம் நிற்பாள். பேருந்து முழுதாக நிற்காது; வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஒரே எட்டில் ஏறிவிடுவாள், விற்று முடித்து அடுத்த வளைவில் குதித்துவிடுவாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை அப்படி ஏறி இறங்கித்தான் வளர்த்தாள். அந்த எட்டுக்கு முழங்கால் மடங்க வேண்டும். ஜில்லா ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, வலது முழங்காலில் இன்னும் ஒரு அடி பட்டால் அது இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் அவளை மாற்றப் பார்த்தோம். தெயோபிலோ கடையை அடைத்துவிட்டு அவள் அடுப்படிக்கே போனார்.

"நிமியாக்கா, அவன் நடிக்கிறான். நாடே பாத்துச் சிரிக்குது. நீயும் ஒரு தடவ சிரிச்சுத் தொலையேன்."

"சிரிச்சுப் பாத்தேன் தெயோபிலோ. வரல."

"அவனுக்கு ஒண்ணும் ஆகலன்னு உனக்கே தெரியுமில்ல?"

"தெரியும். ஆனா கீழ கெடக்கிறவனப் பாத்து, இவன் பொய்யின்னு எப்படி நெனைக்கிறது? ஒருவேள இந்தத் தடவ நெசமா இருந்தா?"

"அப்ப அவனுக்கே ஒரு போனப் போட்டுச் சொல்லிடுறேன்."

"சொல்லிப்பாரு. அப்புறம் இந்த ஊர்ல ஒருத்தருக்கும் சீப்பா கெடையாது. தெரிஞ்சா அவன் பயந்து பயந்து ஓடுவான், பந்து கால்ல நிக்காது."

சீப்பா இல்லாத காலைப்பொழுதை யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் சொல்லவில்லை. பதிலாகப் பாதிரியார் ஆர்செனியோ ஞாயிறு பூசைக்குப் பின் பரிதாபப்படுவதற்குப் பயிற்சி வைத்தார். பழைய ஆட்டங்களை ஓட்டி, எல்லோரும் மனதார இரங்க வேண்டும் என்றார். நாங்களும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். எலிஹியோ காற்றில் கையை விரித்து, கொக்கு இறங்குவது போல இறங்கினான். பின் வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். முதலில் தோள் குலுங்கியது பாதிரியாருக்குத்தான். அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் கொசுக்கடிகூட வரவில்லை.

இந்த நிலையில்தான் கடைசித் தகுதிச் சுற்று ஆட்டம் வந்தது. தலைநகர் அசுன்சியோனில், பட்டப்பகலில். ஜெயித்தால் உலகக் கோப்பை, இல்லையென்றால் வீடு. சமனில் முடிந்தால் எதிரணிக்குத்தான் இடம். காலையிலிருந்தே எங்கள் ஊரில் வெடி வெடித்தது. சிவப்பும் வெள்ளையும் அடிக்காத சுவரில்லை, நாய்களுக்குக்கூடக் கோடு போட்ட சட்டை. நிமியாவை மட்டும் ஆட்டம் பார்க்கவோ கேட்கவோ கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு அனுப்பிவைத்தோம். டிரைவர் காசிமிரோ அவள் ஏறும் தன் பேருந்தில் ரேடியோவைத் திறக்கமாட்டேன் என்று புனித ரோக்கே பெயரில் சொன்னான். கொஞ்ச தூரம் தாக்குப்பிடித்தான். பயணிகள் கெஞ்சினார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு ஒரு பெரியவர் அழ ஆரம்பித்தார். ஆட்டம் முடிகிற நேரத்தில், ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் நிற்கும்போது, காசிமிரோ ரேடியோவை மெல்லத் திருகினான். அப்போதுதான் நிமியா கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தாள்.

எலிஹியோ இரண்டு பேரைத் தாண்டிப் பெனால்டி பகுதிக்குள் புகுந்தான். மூன்றாமவன் காலை நீட்டினான், வீடியோ ஞாபகம் வந்து சட்டென்று இழுத்துக்கொண்டான். அதற்குள் எலிஹியோ காற்றில் இருந்தான். பழக்கம், உடம்பு அவனைக் கேட்காமலே பறந்தது. இடது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். நடுவர் ஊதிப் பெனால்டி என்று கை காட்டினார். அரங்கம் அதிர்ந்தது, எங்கள் சதுக்கத்தில் நாற்காலிகள் பறந்தன. ரேடியோக்காரர் "எலிஹியோ விழுந்துட்டான், எலிஹியோ விழுந்துட்டான்" என்று தொண்டை கிழியக் கத்தினார். பேருந்துப் படியில் ஒரு பெண்ணின் மனதில் "ஐயோ என் தம்பி" என்று ஓடியது.

நடுவர் காதைத் தொட்டார். எல்லைக்கோட்டோரம் இருந்த சின்னத் திரைக்கு ஓடினார். அதே காட்சி அரங்கத்தின் பெரிய திரையிலும், எங்கள் தொலைக்காட்சியிலும் ஓடியது. நீட்டிய கால், இழுத்துக்கொண்ட கால், நடுவே வெளிச்சம். எலிஹியோ சரிகிறான். படம் முகத்தை நெருங்குகிறது. அது எலிஹியோவின் முகம் இல்லை. ஒரு பேருந்தின் படிக்கட்டு, கூடை சாய்கிறது, சீப்பாக்கள் செம்மண்ணில் சக்கரம் போல ஓடுகின்றன, நிமியா ஒரு கையால் கணுக்காலைப் பிடித்தபடி மறு கையில் கம்பியோடு தொங்குகிறாள், பின்சக்கரம் அவள் பாவாடையை ஒட்டிச் சுற்றுகிறது. வேறு கோணம் கேட்டார் நடுவர். வேறு கோணத்தில், பேருந்துக்குப் பின்னாலிருந்து, அவளேதான்.

"இது யாருய்யா?" என்று நடுவர் காதுக்கருவியில் கேட்டார்.

"தெரியல சார்," என்றார்கள் வீடியோ அறையில். "நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். அடி நெசம். ஆள்தான் வேற."

"அப்ப பெனால்டியா, இல்லையா?"

"விதியில இப்படி ஒண்ணு இல்லியே சார். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

எலிஹியோ பெரிய திரையைப் பார்த்தபடி எழுந்து நின்றான். இரும்புக் கால்களுக்கு இத்தனை வருஷமாக யார் விலை கொடுத்தது என்று அவனுக்கு ஒரு நொடியில் புரிந்தது. பந்து பெனால்டி புள்ளியில் வைத்தாகிவிட்டது. கோலடித்தால் உலகக் கோப்பை. அவன் நடுவரிடம் நடந்து போனான்.

"தொடல சார். நானாத்தான் விழுந்தேன்."

"என்ன சொல்ற நீ?" என்று அவனுடைய அணித் தலைவனே சட்டையைப் பிடித்தான். "பைத்தியமாடா உனக்கு? வாய மூடு, நாடு பாக்குது."

"பாக்கட்டும். அது எங்கக்கா."

பெனால்டி ரத்தானது. எலிஹியோவுக்கு மஞ்சள் அட்டை. சொந்த அரங்கமே அவனை வாய்க்கு வந்தபடி திட்டியது, ஆரஞ்சுத் தோல் பறந்தது. அவன் தானாக விழுந்ததாகச் சொன்ன அதே வேளையில் நிமியாவின் கணுக்கால் காற்று இறங்கிய பந்து போல வற்றியதைக் காசிமிரோ கண்ணால் பார்த்தான். பேருந்தை நிறுத்தி அவளைக் கைகொடுத்துத் தூக்கி முன் இருக்கையில் உட்காரவைத்தான். பயணிகள் இறங்கிச் சீப்பாக்களைப் பொறுக்கி, ஊதி, கூடையில் வைத்தார்கள். எங்கள் சதுக்கத்தில் தெயோபிலோ தொப்பியைக் கழற்றியிருந்தார்.

இன்னும் சில நிமிடங்கள் மிச்சம். எலிஹியோ வெறிபிடித்தவன் போல ஓடினான். பந்து வந்தது, வாங்கினான், திரும்பினான். பின்னாலிருந்து வந்த தடுப்பாட்டக்காரனின் ஆணி ஷூக் கால் அவன் வலது முழங்காலில் முழு பலத்தோடு இறங்கியது. இந்தத் தடவை நிஜம். விழக் கூடாது, இந்த வலி இங்கிருந்து போகக் கூடாது என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தான், பிறகு மடிந்தான். உருளவில்லை. சத்தம் வரக் கூடாது என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அரங்கம் சீட்டியடித்தது, ஒருவரும் நம்பவில்லை. எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் கையை விரித்து, "ஆரம்பிச்சிட்டான்யா, படுக்க பாய் கொண்டாங்க" என்று சிரித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். முன்னே போன பந்து உருண்டுகொண்டிருந்ததால் நடுவர் ஊதவில்லை.

ஆனால் எங்கள் சதுக்கத்தில், ஒரு பயிற்சியும் இல்லாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஊர் மொத்தமும் ஒரே குரலில் "ஐயோ பாவம்" என்றது. பாதிரியார் சொன்னார், தெயோபிலோ சொன்னார், கைக்குழந்தைக்காரிகள் சொன்னார்கள், மீன்பிடிக்கப் போன படகுகளில் ரேடியோ கேட்டவர்கள் சொன்னார்கள், காசிமிரோவின் பேருந்து முழுக்கச் சொன்னது. எல்லோருக்கும் வலது முழங்காலில் சுருக்கென்று ஒரு கடி. நிமியாவுக்கும் அதே கடிதான், ஒரு துளிகூட அதிகமில்லை. அவள் தடவிக்கொண்டாள், காலை மடக்கிப் பார்த்தாள். மடங்கியது.

அங்கே எலிஹியோ வாயிலிருந்து கையை எடுத்தான். வலியே இல்லை. அவன் விழுந்தால் பத்து நிமிடத்துக்கு எழமாட்டான் என்று நம்பி எல்லா நாட்டு எதிராளிகளும் பழகியிருந்தார்கள். அவன் உடனே எழுந்தது யாருடைய கணிப்பிலும் இல்லை. உருண்டுகொண்டிருந்த பந்தை எட்டிப்பிடித்து, வாய் பிளந்து நின்ற கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய், வலையில் தள்ளினான். அரங்கத்தில் எழுந்த சத்தத்தில், எங்கள் கோயில் மணி தானாக அடித்தது என்கிறார்கள். மணியடிக்க ஆளில்லை என்பது மட்டும் நிச்சயம். மணியடிப்பவனும் சதுக்கத்தில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

வீடியோ அறையில் கோலைச் சரிபார்த்தார்கள். விழுகையை மெதுவாக ஓட்டியபோது திரையில் எங்கள் சதுக்கம் தெரிந்தது. ஊர் மொத்தமும் குனிந்து வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"இத்தன பேருக்கும் பட்டிருக்கு சார்," என்றது காதுக்கருவி. "ஆனா தப்பு எதிர்ப்பக்கம்தான். கோல் சரி."

நடுவர் மையக்கோட்டைக் காட்டினார். அவரும் முழங்காலைத் தடவிக்கொண்டார் என்று சிலர் சொல்கிறார்கள். படத்தில் அது சரியாகத் தெரியவில்லை.

எலிஹியோ உலகக் கோப்பைக்குப் போனான், நன்றாக ஆடினான், சீக்கிரம் தோற்றுத் திரும்பினான். அதன் பிறகு பல வருஷம் ஆடியும் தேவையில்லாமல் ஒருதரம்கூட விழவில்லை. அவன்தான் சுமப்பவர்களைப் பார்த்துவிட்டானே. நிஜமாக உதைபட்டால் மட்டும் விழுந்தான், உடனே எழுந்தான். இப்போதும் அவன் ஆடும் நாளில் எங்கள் ஊரில் கடையில் எடை போடுகிறவர், பூசையில் அப்பம் உயர்த்துகிற பாதிரியார், தெரெரே ஊற்றுகிறவர் எல்லோரும் திடீரென்று கொஞ்சம் குனிந்து காலைத் தடவிக்கொண்டு, விட்ட வேலையைத் தொடர்வார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் கொசு என்று சொல்லிவிடுகிறோம். நிமியா தலையில் கூடையோடு, வேகம் குறைகிற பேருந்தில் ஒரே எட்டில் ஏறிக்கொள்கிறாள்.