தரகர்கள் அணுக வேண்டாம்

பலகையை என் பெரிய தம்பி தன் கையாலேயே எழுதினான். 'வீடு விற்பனைக்கு' என்று கறுப்பில் ஒரு வரி. அதற்குக் கீழே 'தரகர்கள் அணுக வேண்டாம்' என்று சிவப்பில் இன்னொரு வரி. மேல் வரியைவிடக் கீழ் வரி பெரிதாக இருந்தது. வீட்டை விற்பதைவிடத் தரகரை விரட்டுவதில்தான் அவனுக்கு ஆசை அதிகம் என்பது தெருவில் போகிறவருக்கெல்லாம் தெரிந்திருக்கும். அடியில் இருந்த தொலைபேசி எண் என்னுடையது.

"கதவைத் திறந்து காட்டுறதுக்கு ரெண்டு சதவீதமா? ஏன், சாவி திருப்ப நமக்குத் தெரியாதா?" என்றான். "நீதான் வீட்டுலயே இருக்கியே அக்கா. வர்றவங்களுக்கு நீயே காட்டிடு."

சின்னத் தம்பி தலையாட்டினான். அண்ணன் எது சொன்னாலும் தலையாட்டுவது அவனுக்குப் பிறவிப் பழக்கம். இத்தனை வருடத்தில் அவனுக்குக் கழுத்து வலி வராததுதான் அதிசயம்.

அப்பா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் படுக்கையில் விழுந்தபோது நான் ஒரு தையல் கூடத்தில் துணி வெட்டும் மேசைக்குப் பொறுப்பாக இருந்தேன். "உனக்கென்ன அக்கா, புருஷனா பிள்ளையா, நீதான் பாத்துக்கணும்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். வேலையை விட்டேன். குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, திட்டு வாங்குவது எல்லாம் என் பாடு. தம்பிகள் எப்போதாவது வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று, "அக்கா இருக்குறதால நமக்குக் கவலை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பேச்சை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீடு விற்றதும் எனக்கு ஒரு ஃபிளாட் வாங்கித் தருவதாகப் பேச்சு. வெறும் பேச்சு இல்லை, பெரியவன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவும் செய்தான். ஒரே படுக்கையறை. சமையலறை சன்னலைத் திறந்தால் ஒரு பள்ளிக்கூட மைதானம். நான் குழாயைத் திருகிப் பார்த்தேன். தண்ணீர் வேகமாக வந்து கையில் அடித்தது. அப்பா வீட்டில் அது எப்போதும் நூல் மாதிரிதான் வரும். எனக்கென்று ஒரு கதவு, அதற்கு நான் மட்டும் போடுகிற ஒரு தாழ்ப்பாள். ஐம்பதைத் தாண்டியவளுக்கு வேறென்ன வேண்டும்? அந்தக் குழாய்க்காகத்தான் இத்தனையும் செய்தேன்.

முதலில் வந்தது ஒரு கணவனும் மனைவியும். வீடு பிடித்துவிட்டது. கூடத்தில் சோபாவை எங்கே போடுவது என்று சண்டைகூடப் போட்டார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் என்னிடம், "நீங்க யாரு?" என்று கேட்டாள். மூத்த மகள், இங்கேதான் குடியிருக்கிறேன் என்றேன். "வித்துட்டா எங்க போவீங்க?" என்றாள். நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதோடு சரி. போனவர்கள் போனவர்கள்தான்.

அப்போதுதான் குடைக்காரர் வந்தார். அவர் எங்கள் தெருமுனையில் நிற்கும் வீட்டுத் தரகர். வெயிலோ மழையோ, மடக்கிய குடையோடுதான் நிற்பார். அதை அவர் விரித்துப் பார்த்தவர் யாரும் கிடையாது. கேட்டுக்கு வெளியே நின்று பலகையைப் படித்தார்.

"அணுகலம்மா. தள்ளித்தான் நிக்கிறேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த ஜோடி ஏன் ஓடிச்சு தெரியுமா? பங்குள்ள பொம்பளை வீட்டுக்குள்ள உக்காந்திருந்தா எவனும் வாங்க மாட்டான். நாளைக்கு இவளை யாரு கிளப்புறதுன்னு பயம். வேலைக்கு இருக்கேன்னு சொல்லிப் பாருங்க, வெல தன்னால ஏறும்."

"பொய் சொல்லணுமா?"

"பின்ன? உங்க தம்பி, கமிஷன் கதவு திறக்கன்னு நினைக்கிறாரு. அதுக்கு இல்லம்மா. விக்கிறவங்க வாயால சொல்லக் கூசுற பொய்ய நான் சொல்றேன். நாளைக்கு வாங்கினவன் சண்டைக்கு வந்தா, 'தரகன் சொன்னான், எங்களுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு நீங்க கையை விரிச்சுடலாம். பொய்க்கு ஒரு வாய், பழிக்கு ஒரு தலை. ரெண்டுக்கும் சேத்துத்தான் காசு."

போகிற போக்கில் தொழில் ரகசியம் ஒன்றையும் இனாமாகக் கொடுத்தார். "கொற இருக்குற எடத்துல நின்னு குடும்பத்தைப் பத்திக் கேளுங்க. எத்தனை பிள்ளைங்க, என்ன படிக்குதுங்கன்னு. சொந்தக் கதை பேசுறவன் சுவத்தைப் பாக்க மாட்டான்."

எங்கள் வீட்டுக் குறை பின்னறையில் இருந்தது. மொட்டைமாடித் தண்ணீர்க்குழாய் அந்தச் சுவருக்குள்ளேதான் இறங்குகிறது. எங்கேயோ விரிசல். மழை வந்தால் சுவர் வியர்க்கும், பிறகு சுண்ணாம்பு பெயர்ந்து கொட்டும். அப்பா பலமுறை பூசிப் பார்த்துத் தோற்றுப்போனார்.

குடைக்காரர் சொன்னதைப் பெரியவனிடம் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது. "காசில்லாம நல்ல யோசனை குடுத்திருக்கான் மடையன்" என்றான். மறு வாரமே ஒரு பத்திரத்தோடு வந்தான். என் பங்கைத் தம்பிகளுக்கு விட்டுக் கொடுப்பதாக விடுதலைப் பத்திரம்.

"பேப்பர் சுத்தமா இருந்தாத்தான் அக்கா நல்ல வெல வரும். பொம்பளை பங்கு இருக்குன்னா வக்கீலே வாங்காதன்னுடுவான். எல்லாம் உன் ஃபிளாட்டுக்காகத்தான்."

நான் அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள். அவன் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது அவன் எனக்காக ஒரு நாற்காலி தேடிப் பிடித்து வந்து போட்டான். அதற்கு நெகிழ்ந்துபோன முட்டாள் நான்.

பிறகு வேலையில் இறங்கினேன். பின்னறைச் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, நானே பெயின்ட் அடித்தேன். நல்ல வெயில் காலம். சுவர் மாப்பிள்ளை மாதிரி நின்றது.

மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் குறைவாகப் பேசி எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிற ரகம். கதவைத் தட்டினார், தரையைத் தட்டினார். மனைவி கலகலப்பு.

"நீங்க யாருக்கா?" என்றாள்.

"வேலைக்கு இருக்கேம்மா. வீட்டுக்காரங்க வேற எடத்துல இருக்காங்க."

சொல்லும்போது நாக்கு கொஞ்சம்கூடக் குளறவில்லை. அந்த வீட்டில் நான் செய்தது அதைத்தானே.

"பத்திரத்துல ஒரு அக்கா பேர் இருக்கே, அவங்க?"

"எழுதிக் குடுத்துட்டு எப்பவோ போயிட்டாங்கம்மா."

பின்னறைக்குள் நுழைந்தோம். மருந்துக்கடைக்காரர் தட்டுவதற்கு விரலை மடக்கிக்கொண்டு சுவரை நோக்கிப் போனார். நான் நடுவில் போய் நின்றேன்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கய்யா?"

அவர் விரல் அப்படியே நின்றது. மூத்த பையன் மருத்துவம் படிக்கிறான், சின்னப் பெண்ணுக்குக் கணக்கு வரவில்லை, எந்த வாத்தியாரைப் போட்டாலும் தேறவில்லை என்று ஆரம்பித்தார். கூடம் வரைக்கும் அதே பேச்சு. வாசலில் செருப்பு மாட்டும்போதுதான், "பின்னறை ஒழுகாதே?" என்றார்.

"காஞ்ச சுவருங்கய்யா. நானே கூட்டிப் பெருக்குற ரூமு" என்றேன்.

தம்பிகள் எதிர்பார்த்ததைவிட நல்ல விலை. பத்திரம் முடிந்த அன்று பெரியவன் வீட்டில் எல்லாரும் கூடினோம். அவன் ஒரு கவரை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான்.

"தரகருக்குக் குடுத்திருந்தா போயிருக்கும் அந்த ரெண்டு சதவீதம். நீதானே அக்கா வித்துக் குடுத்த. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல. உனக்கே வெச்சுக்க. பெயின்ட் செலவு மட்டும் கழிச்சிருக்கேன்."

"ஃபிளாட்?" என்றேன்.

பெரியவன் மனைவி தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தாள். "அதை என் பேர்ல முடிச்சாச்சு அண்ணி. வாடகைக்கு விடலாம்னு இருக்கோம். வெளியாள்னா அட்வான்ஸ் கூடக் கேப்போம். உங்களுக்குன்னா பாத்து வாங்கிக்கறோம்."

"தரகர் கமிஷனும் உனக்கு மிச்சம்" என்றான் பெரியவன். சத்தியமாக அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னான். சின்னவனைப் பார்த்தேன். அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

கத்தினேன். கழுத்தறுத்துட்டீங்களேடா என்று கேட்டேன். "இப்படிப் பேசினா எப்படி அக்கா? நீயா இஷ்டப்பட்டுத்தானே கையெழுத்துப் போட்ட?" என்றான் பெரியவன். பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழும் என்று தம்பி மனைவி சன்னலைச் சாத்தினாள்.

சாவியை ஒப்படைத்த அன்று மருந்துக்கடைக்காரர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க எங்க போகப் போறீங்க? இங்கயே இருங்களேன். வீட்டோட மூலை முடுக்கு உங்களுக்குத்தான் தெரியும். பின்னறையில படுத்துக்கலாம். ஏஜென்சில ஆள் எடுத்தா ஒரு மாசச் சம்பளம் கமிஷன் கேக்குறாங்க. நீங்க நேரடியாக் கிடைச்சது எங்க அதிர்ஷ்டம்."

கவரில் இருந்தது அட்வான்ஸோடு சரி, மாதாமாதம் வாடகைக்கு எங்கே போவது? தையல் கூடத்தில் என் மேசையில் ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். என் வயதைக் கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். வைராக்கியம் பேசிக்கொண்டு தெருவில் நிற்க முடியுமா? என் பெட்டியைக் கொண்டுவந்து பின்னறையில் வைத்தேன்.

மழைக்காலம் வந்தது. சுவர் வியர்த்தது. நான் அடித்த பெயின்ட் தோல் தோலாக உரிந்து என் தலையணை மேலேயே விழுந்தது. யார் வீட்டுக் குறையை யாரிடம் மறைத்தேன் என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மருந்துக்கடைக்காரர் வந்து தட்டிப் பார்த்தார். விரல் போட்ட இடத்தில் ஒரு கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்தது. உடனே என் தம்பிக்குப் போன் போட்டார்.

பெரியவன் வந்தான். கதவைத் திறந்தது நான். அவன் வாய் பிளந்தது.

"அதே அக்காதான் சார், உங்க வீட்டுல இருந்தவங்க. நாங்களே வெச்சுக்கிட்டோம்" என்றாள் மருந்துக்கடைக்காரர் மனைவி, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"அப்படியா. நல்லது" என்றான். அவன் சுதாரித்துக்கொள்ள ஒரு மூச்சு போதுமானதாக இருந்தது.

நால்வரும் பின்னறையில் நின்றோம். என் பாய் சுருட்டி வைத்திருந்தது. அதை அவன் பார்த்தான்.

"காஞ்ச சுவருன்னு சொல்லித்தானே வித்தீங்க? ரிப்பேர் செலவு நீங்கதான் தரணும். இல்லாட்டி நான் கோர்ட்டுக்குப் போவேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நாங்களா சொன்னோம்? நாங்க வீட்டைக் காட்டவே வரலையே சார்" என்றான் என் தம்பி. "காட்டினது இவங்க. வேலைக்காரம்மா சொன்னதுக்கெல்லாம் நாங்க பொறுப்பாக முடியுமா? நீங்களே சொல்லுங்க."

இவங்க என்றான். பிறந்ததிலிருந்து அவன் எனக்கு மரியாதை கொடுத்தது அன்றைக்குத்தான்.

மருந்துக்கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். நான் இவனுடைய அக்கா, இந்த வீட்டில் எனக்கும் பங்கு இருந்தது என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? ஏமாற்றி விற்றவளைப் பின்னறையில் எவர் வைத்துக்கொள்வார்? அன்றைக்கே பெட்டி தெருவுக்கு வரும். அவனுக்கும் அது தெரிந்திருந்தது. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு, அப்பா வரும் நேரத்தில் என்னைப் பார்ப்பான். அதே பார்வைதான் பார்த்தான்.

"நான்தாங்க சொன்னேன். அவங்களுக்குத் தெரியாது" என்றேன்.

"அப்ப சம்பளத்துலதான் பிடிக்கணும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பாவங்க, கொஞ்சம் கொஞ்சமாப் பிடிங்க" என்றாள் மனைவி.

தம்பி சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு கிளம்பத் தயாரானான். சுவரை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் அந்த ஈரத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"உங்க அக்கா எப்படி இருக்காங்கய்யா?"

அவன் கண் சுவரைவிட்டு என் முகத்துக்கு வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. சொல்லிவிடுவானோ என்று நினைத்தேன். அப்படி நினைத்த நான்தான் பைத்தியக்காரி.

"அவளுக்கென்ன?" என்றான். "தனியா ஃபிளாட் வாங்கிக் குடுத்துட்டோம். சன்னலைத் திறந்தா ஸ்கூல் மைதானம். ராணி மாதிரி இருக்கா."

"குடுத்து வெச்சவங்க" என்றாள் மருந்துக்கடைக்காரர் மனைவி. "இந்தக் காலத்துல எந்தத் தம்பி சார் செய்வான்? அக்கா, சாருக்குக் குடிக்கத் தண்ணி கொண்டு வாங்க."

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் நூல் மாதிரி வந்தது. தம்ளர் நிறையும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.