மெத்தைச் செடியில் ஒரு பழுப்புப் புள்ளி

இதய அறுவைக்காக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது இன்னஸ் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டயோனிசியா என்ற தன் செடியைப் பற்றித்தான் பேசினான்.

"செடி மேல சொட்டுத் தண்ணி படக்கூடாது, எஃபி. சட்டியச் சுத்தி இருக்கற மணல்ல மட்டும் ஊத்து. என்ன குளிர் அடிச்சாலும் கண்ணாடி வீட்டு ஜன்னல மூடிடாத."

"உன் மொட்டத்தலையனுக்குத் தாலாட்டும் பாடணுமா?" என்றாள் அவன் மனைவி.

தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் விதையிலிருந்து அவன் வளர்த்த மலைச்செடி அது. பாதிப் பந்தைக் கவிழ்த்தது போல இறுகிய பச்சை மெத்தை. மார்ச் மாதம் இலையே தெரியாமல் மஞ்சளாகப் பூக்கும். ஸ்காட்லாந்தின் ஈரக் குளிர்காலத்தில் அதை உயிரோடு வைத்திருப்பதே பெரும் பாடு.

பிப்ரவரியில் கடலிலிருந்து பனிப்புயல் வந்தது. ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. பயந்துபோய் எஃபி எல்லாவற்றையும் மூடினாள். புயல் ஓய்ந்து திறந்தபோது உள்ளே ஈரவாடை. மெத்தையின் உச்சியில் ஒரு பழுப்புப் புள்ளி, அதன்மேல் சாம்பல் நிறப் பூஞ்சை.

அன்று மாலை அவன் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கேட்டபோது, "நல்லா இருக்கு" என்று பொய் சொன்னாள். மறுநாள் புள்ளி விரிந்திருந்தது. அவளால் தாங்க முடியவில்லை.

"ஜன்னல மூடிட்டேன், இன்னஸ். அழுகுது."

புள்ளி எவ்வளவு பெரிசு என்று கேட்டான். பிறகு, "இடுக்கி எடு. அழுகினத ஒண்ணு விடாமப் பிடுங்கு. குழியில காஞ்ச சரளையப் போடு" என்றான்.

"என்னால முடியாது, பயமா இருக்கு."

"எனக்கு நெஞ்சையே பொளந்து தச்சிருக்கான். நீ இலையப் பிடுங்க அழுவுறியே."

அவள் அழுதுகொண்டே பிடுங்கினாள். ஆனாலும் மெத்தை நாளுக்கு நாள் மங்கியது. வீட்டுக்கு வந்த இன்னஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் கண்ணாடி வீட்டுக்குப் போனான். மெத்தையை லேசாகத் தொட்டான். அது தொப்பி போலக் கையோடு வந்துவிட்டது. கீழே வேரே இல்லை. மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் சுருண்டு கிடந்தன.

"கூன்வண்டுப் புழு" என்றான். "வேரையே தின்னுடும். வண்டு இலையுதிர் காலத்துலயே முட்ட போட்டிருக்கும். நான் செடியச் சட்டியிலேந்து எடுத்து வேரப் பாத்திருக்கணும். பூஞ்ச பின்னாடி வந்தது."

"அப்போ நான் கொல்லலயா?"

"ஜன்னல மூடினது தப்புதான். ஆனா நீ மூடாட்டியும் இது செத்திருக்கும்."

எஃபிக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. "இத்தன நாள் தூக்கமில்லாமக் கெடந்தேன். நீ பிழைப்பியான்னு ஒரு பயம், இது பிழைக்குமான்னு ஒரு பயம். நீ ஒரு நாளாவது என்னப் பத்திக் கேட்டியா?"

அவன் மெத்தையைத் திருப்பிப் பார்த்து, இடுக்கியை எடுத்தான். பிறகு பச்சை மிச்சமிருந்த துளிர்களைக் கிள்ளத் தொடங்கினான். இடுக்கியில் ஒன்றும் சரியாகச் சிக்கவில்லை. அவள் இடுக்கியை வாங்கி, தானே கிள்ளி ஈரமணலில் நட்டாள்.

"சாப்பிட்டியா எஃபி?" என்றான், தயங்கி.

"இல்ல" என்றாள், தலை நிமிராமல்.

கோடைக்குள் ஒரே ஒரு துளிர்தான் வேர் விட்டது. பட்டாணி அளவு இருந்தது. அது பூக்குமா என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.