குழந்தை வராத படம்

கடம்பத்தூர் ரயிலடிக்குப் பின்னால் டென்ட் கொட்டகை நடத்திய ஷேக் தாவூதிடம் சொந்தப் படப்பெட்டிகள் இருந்தன. பட்டணத்தில் மூடிப்போன ஒரு கம்பெனியின் பழைய பிரிண்டுகளை மொத்தமாக வாங்கிப் போட்டிருந்தார். புராணம், சமூகம், சரித்திரம், மாயாஜாலம் என்று நாலு வரிசை. அந்தப் பிரிவு போதாது என்று ஐம்பத்து மூன்றாம் வருஷம் வரை அவருக்குத் தோன்றியதில்லை.

அந்த வருஷ மழைக்காலத்தில் அவர் மகன், தவழத் தொடங்கியிருந்தவன், காய்ச்சலில் போய்விட்டான். அதன் பிறகு மனைவி குல்சும் வாய் திறப்பதே அரிதாயிற்று. முன்பெல்லாம் வாராவாரம் பெண்கள் பக்கம் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பவள்.

தை பிறந்ததும் வற்புறுத்திக் கூட்டி வந்தார். புராணத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தார். மூன்றாவது ரீலில் அரக்கன் ஒரு பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனான். குல்சும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை தாவூத் எல்லாப் பெட்டிகளையும் மணலில் இறக்கினார். ஆபரேட்டர் பரசுராமன் வந்து நின்றான்.

"இன்னா பாய், அல்லாத்தையும் கலைச்சிக்கினு?"

"பிரிச்சதே தப்புடா. கொழந்த சாவுற படத்த அந்தாண்ட வெய்யி. மத்தது இந்தாண்ட."

பரசுராமனுக்கு ஒவ்வொரு படமும் மனப்பாடம். சரித்திரத்தில் இளவரசனை ஆற்றில் விட்டார்கள். சமூகத்தில் பசியில் ஒன்று, அம்மையில் ஒன்று.

"இதுல மந்திரவாதி கொழந்தைய கிளியா மாத்துறான் பாய். கொழந்த சாவுல."

"கிளியும் வேணாம்."

அப்புறம் தாலாட்டு வருகிற படங்கள் போயின. வளைகாப்பு வருகிறவையும் போயின.

"கடேசில புருஷன் பொஞ்சாதி கொழந்தையோட நிக்க, சுபம்னு போடுறானே, அது?"

தாவூத் அந்தப் பெட்டியைத் தானே தூக்கினார். "அதுவும் அந்தாண்ட."

மதியத்துக்குள் இந்தப் பக்கம் ஒரே ஒரு பெட்டி மிஞ்சியது. இரண்டு போக்கிரிகள் ஒரு ராஜாவை ஏமாற்றும் கதை. கத்திச் சண்டை, சிரிப்பு, வேறொன்றும் இல்லை.

அன்று மாலை குல்சும் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. தாவூத் மூங்கில் தட்டி ஓரமாக நின்று, படத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார்.

"நல்லா இருந்துச்சா?"

"ராஜா, மந்திரி, தெரு, சந்தை, அல்லாம் காட்டுனாங்க," என்றாள் குல்சும். "ஒரு ஊட்ல கூட புள்ள இல்ல. எங்கனா ஒண்ணு ஓடி வருமான்னு பாத்துக்கினே இருந்தேங்க."

"வேணும்னா நாளைக்கு வேற போடட்டுமா?"

"எதுவானா போடுங்க."

காலையில் பரசுராமன் வந்து, எந்தப் பெட்டியை எங்கே வைக்கட்டும் என்று கேட்டான். தாவூத் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு இந்தப் பக்கத்து ஒற்றைப் பெட்டியையும் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்.