புளிப்பானையில் பழங்காசு

சுருளிப்பட்டியில் கோட்டைச்சாமி மாதிரி ஒரு சந்தேகப் பிராணியைப் பார்க்க முடியாது. புஞ்சையில் தனியாக மண்வெட்டி போட்டபோது ஒரு கலயம் நிறையப் பழைய செப்புக்காசு கிடைத்தது. பெண்டாட்டி சந்தனம்மாளிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. விஷயம் சர்க்கார் காதுக்குப் போனால் காசு கைவிட்டுப் போய்விடும் என்று அத்தனை பயம்.

பழங்காசு சேர்க்கும் மதுரை ராஜமணிக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லி அனுப்பினார். ராஜமணி வந்து, காசுகளின் மேல் படிந்திருந்த பச்சையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பூரித்தார்.

"இந்தப் பச்சைதான் இதுக்கு உசுரு. புளி, சாம்பல்னு எதையும் போட்டு வெளக்கிராதீக. மழை ஓயவும் வந்து வாங்கிக்கிறேன்."

கோட்டைச்சாமி காசை விளக்கவில்லை. பத்திரமாகத் துணியில் சுற்றினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கைபோடாத இடம் என்று நினைத்து, உப்புப் போட்டு அடைத்திருந்த பழம்புளிப் பானைக்குள் அடியில் கொண்டுபோய்ப் புதைத்தார். புழக்கத்திலிருக்கும் பானை தீராமல் சந்தனம்மாள் அதைத் திறக்கமாட்டாள் என்பது அவர் நினைப்பு.

ஐப்பசி மழை விடாமல் அடித்தது. அந்த ஈரத்தில் உப்புப் புளி நீர் விட்டுக் கசிந்தது.

தீபாவளிக்கு வந்த மகள் சங்கிலியம்மாள் முழுகாமல் இருப்பது தெரிந்து தாய்வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஜெயமங்கலத்து மாமியார் வீட்டில் மகனுக்கு இரண்டாம் தாரம் பேசத் தொடங்கியிருந்த நேரத்தில் உண்டான பிள்ளை அது. இது தங்கினால்தான் அவளுக்கு வாழ்க்கை.

ஆனால் வாந்தி நிற்கவில்லை. மசக்கைதான் என்றார்கள். வாந்தி கூடக்கூட, வாய்க்கு இதமாக அவள் புளியைத் தேடினாள்.

"புளிகூடக் கசக்குது ஆத்தா. செம்பைக் கடிச்ச மாதிரி இருக்கு."

"மசக்கைக்காரிக்குத் தேனுங்கூடக் கசக்கும்டி," என்றாள் சந்தனம்மாள்.

கோட்டைச்சாமி பக்கத்தில்தான் சோறு தின்றுகொண்டிருந்தார். எந்தப் புளி என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, பாவி மனுசனுக்கு.

மழை ஓய்ந்து ராஜமணி வந்தார். சந்தனம்மாள் மகளைக் கைத்தாங்கலாகக் கொல்லைக்குக் கூட்டிப்போயிருந்தாள். இதுதான் சமயம் என்று கோட்டைச்சாமி பானையை இறக்கினார். வாய்க்கட்டு ஏற்கெனவே அவிழ்ந்து கிடந்தது. புளியில் விரலால் தோண்டித் தோண்டி எடுத்த குழி, அடிவரை போயிருந்தது. சுற்றிய துணி பச்சையாக ஊறியிருந்தது.

பிரித்தார். காசுகள் நேற்று அடித்தவைபோலச் செக்கச்செவேலென்று பளபளத்தன.

ராஜமணி தலையில் அடித்துக்கொண்டார். "கெடுத்தீகளே! அம்புட்டுப் பச்சையும் எங்கய்யா போச்சு?"

கோட்டைச்சாமி அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பு பச்சைக் களிம்பேறினால், விஷமென்று நாய்க்குக்கூட வைக்காத வீடு அது.

கொல்லையிலிருந்து சந்தனம்மாள் அலறினாள். "இங்கன ஓடியாங்க! புள்ளைக்கு ரத்தமாப் போகுது!"

ராஜமணி இன்னும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். பச்சை போன இடம் கோட்டைச்சாமிக்குத் தெரிந்துவிட்டது.