யென்னாயர் களியும் சரக்கறைச் சாவியும்

என் மாமியார் இஜ்ஜாவின் கழுத்தில் சரக்கறைச் சாவி தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். எண்ணெய், தேன், பாதாம், சர்க்கரை எல்லாம் மாடியில் அந்தக் கதவுக்குப் பின்னால். ஆர்கான் கொட்டையை உடைத்து உடைத்து விரல் காய்த்துப்போனவள் நான். அதில் ஒரு கரண்டி எண்ணெய் வேண்டுமென்றால், "மாமி, கொஞ்சம் திறக்கிறீங்களா?" என்று நான்தான் போய் நிற்க வேண்டும். சொந்த வீட்டிலேயே பிச்சை!

இதற்கு விடிவு யென்னாயர் அன்றுதான். எங்கள் சூஸ் சீமையில் புது வருஷம் பிறக்கும் மாலையில் பார்லிக் களி கிண்டி, அதற்குள் ஒரு பேரீச்சங்கொட்டையை ஒளித்து வைப்போம். யாருக்கு அது கிடைக்கிறதோ அவருக்கு வருஷம் முழுக்க பரக்கத், அள்ள அள்ளக் குறையாத அருள். சரக்கறைச் சாவியும் அவருக்கே. ஆண்பிள்ளைக்குக் கிடைத்தால் சாவி அவன் பெண்டாட்டி கைக்குப் போகும்.

நான் வாழ வந்த நாலு வருஷமும் கொட்டை கிடைத்தது என் கணவரின் அண்ணன் லஹ்சனுக்கு. அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சாவியை வாங்கி ஒரு முத்தம் கொடுத்து, அம்மாவின் கழுத்திலேயே திரும்ப மாட்டிவிடுவார். களி கிண்டுவது மாமியார், கொட்டையை ஒளிப்பதும் மாமியார். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை ஒவ்வொரு வருஷமுமா நடக்கும்? எனக்கு வயிறு எரிந்தது.

இந்த வருஷம் மாமியாருக்கு மணிக்கட்டு வலி. "நீயே கிண்டு, ருகியா. கொட்டையையும் நீயே வை" என்றார்.

அல்லா கண்ணைத் திறந்துவிட்டான் என்று நினைத்தேன். என் பக்கம் வைத்தால் திருட்டு பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிடும். பெரிய மரத்தட்டின் விளிம்பில் ஒரு வெடிப்பு உண்டு. அதற்கு நேராகக் கொட்டையைப் புதைத்து, வெடிப்பை என் கணவர் பிஹியின் பக்கம் திருப்பி வைத்தேன்.

நாலு பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். அவரவர் பக்கத்தில் களியைக் கிள்ளி, நடுக்குழியில் இருந்த எண்ணெயில் தோய்த்துச் சாப்பிட்டோம். நான் களியைப் பார்க்கவே இல்லை. பிஹியின் தாடையைத்தான் பார்த்தேன். சட்டென்று அது நின்றது. அவர் கண் அம்மாவிடம் போனது, என்னிடம் வந்தது. பிறகு மறுபடி மெல்ல ஆரம்பித்துவிட்டார்!

"என்னங்க, பல்லுல ஏதாவது பட்டுச்சா?"

"ம்ஹும்."

"வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

அவர் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. "ஒண்ணுமில்ல, புள்ள."

முழுங்கிவிட்டார்! இந்த மனுஷனை என்ன செய்வது?

தட்டு காலியானது. லஹ்சன் விரலை நக்கிக்கொண்டே, "கொட்டை எங்கம்மா? கிடைக்காமப் போனா வீட்டுக்கு ஆகாதே" என்றார்.

"உங்க தம்பி வயித்துல இருக்கு" என்று கத்திவிட்டேன். "நான்தான் அவர் பக்கம் வெச்சேன். ஆமா, வேணும்னேதான் வெச்சேன்!"

மாமியார் என் மேல் பாயப்போகிறார் என்று தயாரானேன். அவரோ தொடையில் அடித்துக்கொண்டு மகனிடம் திரும்பினார்.

"முழுங்கிட்டியாடா? இவ்வளவு நாளும் அண்ணன் பக்கம் தள்ளிட்டிருந்த. இப்ப முழுங்கவே ஆரம்பிச்சிட்டியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "தள்ளினாரா? எதை மாமி?"

"கொட்டையைத்தான். ஒவ்வொரு வருஷமும் இவன் மூக்குக்கு நேரா வெக்கிறேன். தேளைத் தொட்டவன் மாதிரி அண்ணன்கிட்ட தள்ளிடுறான். இந்த முழங்காலோட நான் இன்னும் எத்தனை காலம் மாடிப்படி ஏறுவேன்?"

"எங்கிட்ட நேரா கொடுத்திருக்கலாமே!"

"கொட்டை வராம சாவி கை மாறினா பரக்கத் போயிடும்டி. அதுகூடத் தெரியாதா உனக்கு?"

பிஹி முனகினார். "கொடுத்தா உனக்கு வருத்தம், கொடுக்காட்டி இவளுக்கு வருத்தம். வீட்ல சண்டை வேண்டாமேன்னுதான்..."

மாமியார் சாவியைக் கழற்றி அவர் மடியில் எறிந்தார். "கொட்டை உன் வயித்துல. சாவியும் உன்னுது. யாருக்குன்னு உன் வாயால சொல்லு."

பிஹி அதை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். சத்தியமாக, அப்போதும் அண்ணனிடம்தான் நீட்டினார்! லஹ்சன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஆளை விடுப்பா."

"ருகியாகிட்ட இருக்கட்டும்மா" என்றார் பிஹி, தட்டைப் பார்த்து.

"தட்டுகிட்ட ஏண்டா சொல்ற? என்னைப் பார்த்துச் சொல்லு."

அம்மாவைப் பார்த்துச் சொன்னார். வானம் இடிந்து விழவில்லை. சாவி என் கைக்கு வந்தது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த ஒரு வரியைச் சொல்ல இவருக்கு வாய் வராததால் நான் ஒவ்வொரு பிடி சர்க்கரைக்கும் கை நீட்டி நின்றிருக்கிறேன். முழங்கால் வலியோடு அந்த அம்மாள் படியேறி வந்து திறந்திருக்கிறார். அவரும் அதையேதான் நினைத்தாரோ என்னவோ, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"போ, தேன் எடுத்துட்டு வா. இனிப்போட முடிப்போம்."

"எத்தனை கிண்ணம் மாமி?"

"எனக்கு, உனக்கு, லஹ்சனுக்கு. இவனுக்கு எதுக்கு? இவனுக்குத்தான் எதைக் கொடுத்தாலும் முழுங்கத் தெரியுமே."