லிப்ட்டுக்கு நன்றி

நாடகத்தை மட்டக்குளித் தொடர்மாடிக் குடியிருப்பில் போடுவதில்லை, வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் போடுவது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் உஷாந்தி கூட்டத்தைக் கூட்டியிருந்தாள். கூட்டம் என்றால் மூன்று பேர்: இயக்குநர் உஷாந்தி, களவேலை பார்க்கும் துஷாந்தினி, பேஸ்புக் பக்கத்தைக் கவனிக்கும் அனுஜன். ‘நடைபாதை அரங்கம்’ என்ற அந்தச் சின்ன நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருப்பவர்கள் அவ்வளவு பேர்தான்.

“சனம் எல்லாம் அங்க இருக்கு. நாடகம் இங்க எதுக்குக்கா?” என்று துஷாந்தினி கேட்டாள்.

“பிரதம விருந்தினர் வாறார். ஃபண்ட் தாற ஆக்களும் வருகினம். அவையளை அந்தத் தொடர்மாடி முற்றத்தில, வெயிலுக்க, எங்க இருத்துறது? கொஞ்சம் யோசிச்சுக் கதையும்.”

“பிரதம விருந்தினர் யாரு?”

உஷாந்தி பெயரைச் சொன்னாள். துஷாந்தினிக்குக் காது சுட்டது. அந்தத் தொடர்மாடியின் லிப்ட்டைப் பழுதுபார்க்க வேண்டிய அரசாங்கக் கந்தோரின் தலைமை அதிகாரி அவர். தொடர்மாடிப் பெண்கள் இரண்டு மாதமாக ஒத்திகை பார்ப்பதே அவரைப் பற்றித்தான்.

“அதுதானே வடிவு,” என்றாள் உஷாந்தி. “ஆரையும் குற்றம் சாட்டுறதில்ல எங்கட வேலை. உரையாடலை உருவாக்குறது.”

உரையாடல் என்ற சொல்லை எத்தனை செயற்றிட்ட அறிக்கையில் தட்டச்சு செய்திருப்பாள் துஷாந்தினி. கம்பஸ் முடித்து வந்து கிடைத்த முதல் வேலை இது. துறைமுகத்தில் கூலி வேலை செய்யும் ராமையாவின் வீட்டிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். மகள் ‘ஒஃபிஸ்ல’ இருக்கிறாள் என்று அம்மா ஆறாயி, தங்கள் லேனில் காண்பவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். இந்த ‘ஒஃபிஸ்’ காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில், இரண்டு அறை. அங்கே லிப்ட் ஓடியது. நான்கு மாடிக்கு. ஒவ்வொரு முறை அதில் ஏறும்போதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மட்டக்குளித் தொடர்மாடியில் பத்து மாதமாக லிப்ட் ஓடவில்லை. எட்டாம் மாடியில் மரியகொறற்றி இருந்தாள். அவளுடைய புருஷன் புஷ்பராஜுக்குச் சீனி வியாதியில் ஒரு கால் போய், பிறகு சிறுநீரகமும் போயிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். பிளாஸ்டிக் கதிரையில் அவரை உட்காரவைத்து, துவாயால் கட்டி, நான்கு ஆண்கள் எட்டு மாடியும் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். பின்னேரம் திரும்ப ஏற்றுவார்கள். அந்த நான்கு பேரும் நாட்கூலிகள். வேலை கிடைத்த நாளில் ஆள் இருக்காது. போன மாதம் இரண்டு தடவை கிளினிக் தவறிவிட்டது. இன்னும் இப்படித் தவறினால் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

இதைத்தான் பெண்கள் நாடகமாக்கினார்கள். மரியகொறற்றி மரியகொறற்றியாகவே நடித்தாள். ஐந்தாம் மாடி றலியா, புருஷனுடைய ஷேர்ட்டைப் போட்டுக்கொண்டு அதிகாரியாக நடித்தாள். கடிதத்தை வாங்கி, பார்க்காமலே மேசைக்கடியில் வைத்துவிட்டு, “அடுத்த கிழமை வாங்க” என்று அவள் சொல்லும்போது ஒத்திகை பார்க்கும் பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள்.

இந்த வகை நாடகத்துக்கு ஒரு விதி உண்டு. முதலில் கதை அந்தப் பெண் தோற்பதோடு முடியும். பிறகு அதையே மறுபடி நடிப்பார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் யாரும் ‘நிறுத்து’ என்று கத்தலாம், மேடைக்கு வந்து அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று வேறுவிதமாக முயன்று பார்க்கலாம். பெண்ணின் இடத்தில் மட்டும். அதிகாரியின் இடத்தில் யாரும் நிற்கக் கூடாது. மேடையில் அதிகாரி திடீரென்று நல்லவனாகிவிட்டால் எல்லாம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். சனம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகும். வீட்டில் லிப்ட் செத்தபடிதான் கிடக்கும். விதியைக் காப்பாற்றுவது மைக் பிடித்து நடத்துகிறவரின் பொறுப்பு. அது துஷாந்தினி.

“ஆளுங்கள ஏத்துறதும் எறக்குறதும்தான் ஒனக்கு வேல,” என்று மரியகொறற்றி அவளைக் கேலி செய்வாள். “இதுக்கு எதுக்கு, மகள், கம்பஸ் போன? கொண்டக்டரா பஸ்ல தொங்கியிருக்கலாமே.”

வெள்ளவத்தை மண்டபத்தில் ஏசி போட்டிருந்தது. முன்வரிசைக் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி. மட்டக்குளியிலிருந்து ஒரு பஸ் மட்டும் பிடித்ததால், நடித்தவர்களோடு சேர்த்துத் தொடர்மாடிச் சனம் ஐம்பது பேர்தான் வர முடிந்தது. அவர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் சுற்று நன்றாகவே போனது. ‘அடுத்த கிழமை வாங்க’வுக்குப் பின்வரிசை ஓவென்று சிரித்தது. முன்வரிசை சிரிக்கவில்லை. துஷாந்தினி அந்தச் சிரிப்பை உள்ளுக்குள் ருசித்தாள். பிறகு விதியை மூன்று மொழியிலும் விளக்கினாள். இரண்டாம் சுற்று தொடங்கியது. மரியகொறற்றி கடிதத்தை நீட்டினாள்.

“நவத்தன்ட!”

நிறுத்தச் சொல்லிச் சிங்களத்தில் கத்தியவர் பிரதம விருந்தினர். சிரித்துக்கொண்டே எழுந்து, கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு, மேடைக்கு ஏறி வந்தார். மரியகொறற்றியின் பக்கம் போகவில்லை. நேரே மேசைக்குப் போய், எழும்பு என்று றலியாவுக்குக் கையைக் காட்டினார். றலியா துஷாந்தினியைப் பார்த்தாள்.

“சேர், விதிப்படி நீங்க அந்தப் பக்கம்…” என்று துஷாந்தினி மைக்கில் தொடங்கினாள்.

முன்வரிசையில் உஷாந்தி பல் தெரியச் சிரித்தபடி, தலையை மட்டும் இல்லை, இல்லை என்று ஆட்டினாள். ‘அவரை விடும்’ என்று அர்த்தம்.

துஷாந்தினி மைக்கைக் கீழே இறக்கினாள். உஷாந்திக்குப் பயந்து மட்டும் அல்ல. இவ்வளவு பேருக்கு முன்னால் வாக்குக் கொடுத்தால் இந்த மனுஷன் பிறகு மாற முடியாது என்று அந்த ஒரு நொடியில் தனக்குத்தானே ஒரு நியாயத்தையும் கண்டுபிடித்துக்கொண்டாள்.

அவர் நன்றாக நடித்தார். கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். “அம்மா, அழ வாணாம். இந்த மாசம் முடிய முந்தி லிப்ட் ஹரி,” என்று, சரியாகிவிடும் என்ற அர்த்தத்தில், தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசை எழுந்து நின்று தட்டியது.

“இது பதினோராவது கடிதம் சேர்” என்று மரியகொறற்றி சொல்ல வேண்டிய இடம் அது. அவள் சொல்லவில்லை. அவள் நடிக்கவே இல்லை. அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். அனுஜனின் கமரா மின்னிக்கொண்டே இருந்தது.

திரும்பிப் போகும் பஸ்ஸில் அவள் புருஷனுக்குப் போன் எடுத்தாள். “சொல்லிட்டாருங்க. எல்லார் முன்னுக்கும் சொல்லிட்டாரு. நீங்க இனி லிப்ட்லதான்.”

மாதம் முடிந்தது. அடுத்த மாதமும் பாதி போனது. புஷ்பராஜுக்கு இன்னொரு வெள்ளிக்கிழமை தவறியது. முகமும் இருந்த ஒற்றைக் காலும் வீங்கி, மூச்சு விடக் கஷ்டப்பட்டு, சனிக்கிழமை விடிய அவசரப் பிரிவுக்குக் கொண்டு ஓடினார்கள். ஆள் தப்பிவிட்டார். திங்கட்கிழமை துஷாந்தினியும் மரியகொறற்றியும் கந்தோருக்குப் போனார்கள்.

கவுண்டரில் இருந்த கிளாக்கர் மஷூர் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய், பைலோடு வந்தார். புரட்டினார். நெற்றியைச் சுருக்கினார்.

“இது குளோஸ் பண்ணீக்கி தங்கச்சி.”

“லிப்ட் ஓடலியே!”

“ஓடுதா இல்லியா எண்டு எனக்குத் தெரியா. நீங்கதானே நன்றி செல்லி லெட்டர் அனுப்பீக்கிற?”

பைலை அவர் திருப்பிக் காட்டினார். மேலே ‘நடைபாதை அரங்கம்’ என்ற தலைப்புத்தாள். நாடகத்துக்கு மறுநாள் திகதி. லிப்ட் பிரச்சினையைத் தீர்த்துவைத்தமைக்கு மனமார்ந்த நன்றி. கீழே உஷாந்தியின் கையெழுத்து. கூடவே ஒரு படம் பின் பண்ணியிருந்தது. மரியகொறற்றி அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

மரியகொறற்றி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் வாசிக்கத் தேவையாய் இருக்கவில்லை.

மஷூர் குரலைத் தாழ்த்தினார். “பாதிக்கப்பட்ட ஆக்களே நன்றி செல்லீக்கி எண்டா, மேல ஒருத்தரும் இத இனிப் பாக்க மாட்டாங்க. திருப்பித் தொறக்கோணுமெண்டா அதே எடத்துல இருந்து ஒரு லெட்டர் வரோணும். அந்த நன்றி பிழ எண்டு.”

அன்று பின்னேரமே துஷாந்தினி வெள்ளவத்தைக்குப் போனாள். உஷாந்தி மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அது ஒரு மரியாதைக்கு அனுப்பினது துஷா. வந்த விருந்தினருக்கு நன்றி சொல்லாம இருக்கேலுமே?”

“வந்ததுக்கு நன்றி சொல்லுங்க. லிப்ட் செஞ்சதுக்கு எதுக்குச் சொன்னீங்க? செய்யவே இல்லியே!”

“செய்வார் எண்டு நம்பித்தான்.”

“அப்ப இப்ப நம்பல்லன்னு எழுதுங்க.”

உஷாந்தி மடிக்கணினியை மூடினாள். அவள் குரல் உடைந்திருந்தது. “ஏழு வருசமா இதை நான் தனிய இழுத்துக்கொண்டு வாறன். அந்த மனுசன் ஒரு சொல்லுச் சொன்னா, கொழும்பில ஒரு தொடர்மாடிக்குள்ளயும் எங்களை விடமாட்டினம். இந்த ஒரு லிப்ட்டுக்காக மற்ற அஞ்சு இடத்தையும் இழக்கச் சொல்லுறீரே?”

“அந்த அஞ்சு இடத்துலயும் போய் என்ன செய்யப் போறோம்? இதையேவா?”

“நீர் சின்னப்பிள்ளை. உமக்கு இது விளங்காது.” உஷாந்தி ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினாள். “மாற்றத்தின் கதை எண்டு ஒரு பக்கம் எழுதித் தாரும். மரியகொறற்றியின்ர கதை. வெள்ளிக்கிழமைக்கு முந்தி ஃபண்டருக்கு அனுப்போணும்.”

அனுஜன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை என்று துஷாந்தினிக்குத் தெரியும்.

அவள் தன் மேசையில் உட்கார்ந்தாள். நிறுவனத்தின் தலைப்புத்தாள் மேசை லாச்சியில் இருந்தது. ‘மாற்றத்தின் கதை’ எழுத ஆரம்பித்தால் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்படி ஒன்பது கதை எழுதியிருக்கிறாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் முதலில் அழுவாள், கடைசியில் சிரிப்பாள். அதை விட்டுவிட்டு, அந்தத் தாளில் கந்தோருக்கு ஒரு கடிதத்தைத் தொடங்கினாள். சிங்களத்திலும் தமிழிலும் எழுதினாள்.

‘லிப்ட் பழுதுபார்க்கப்படவில்லை. எமது நன்றிக் கடிதம் பிழையானது. நாடகத்தை மேடையில் நடத்தியவள் நான். அதிகாரியின் இடத்தில் யாரும் நடிக்கக் கூடாது என்பது விதி. அதை மீற விட்டதும் நான்தான். அங்கே போடப்பட்ட கையெழுத்து நாடகக் கையெழுத்து. இந்த முறைப்பாட்டை மீளத் திறக்கவும்.’

கீழே தன் முழுப்பெயர், பதவி. உஷாந்தி குளியலறைக்குப் போன நேரம் பார்த்து நிறுவன முத்திரையைக் குத்தினாள். திருட்டுத்தனம் என்றுதான் தோன்றியது. குத்திவிட்டாள்.

புதன்கிழமை மரியகொறற்றியையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனாள். மஷூர் அதை இரண்டு தரம் வாசித்தார். “தங்கச்சி, இதுல ஒங்கட பேர் மட்டும்தானே ஈக்கி. டிரெக்டர்ட சைன் இல்ல.”

“அதே எடத்துல இருந்துதானே வந்திருக்கு? முத்திரையப் பாருங்க.”

“பாத்தேன். இத ஏத்துக்கொண்டா, மேல போன மறுநிமிசம் ஒங்கட டிரெக்டருக்குப் போன் வரும். வெளங்குதா?”

“வரட்டும்.”

அவர் ஒரு பெருமூச்சு விட்டு, ‘கிடைத்தது’ என்ற முத்திரையைக் குத்தித் திகதி போட்டு, பிரதியை அவளிடம் தந்தார். பைல் திறந்தது. அவ்வளவுதான். லிப்ட் எப்போது ஓடும் என்று கேட்டதற்கு, முதலில் ஆள் வந்து பார்க்க வேண்டும், அதற்கு ஒரு வரிசை இருக்கிறது என்றார்.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் வெயில் காய்ந்தது. துஷாந்தினியின் போன் பைக்குள் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். உஷாந்தி. பதில் சொல்லாமல் திரும்பப் பைக்குள் போட்டாள்.

“வேல போயிருமா?” என்று மரியகொறற்றி கேட்டாள்.

“போகும்.”

“ஒங்கம்மாவுக்குச் சொன்னியா?”

“இல்ல.”

மரியகொறற்றி அவளுக்கு நன்றி சொல்லவில்லை. கையைப் பிடிக்கவும் இல்லை. வீதியைப் பார்த்தபடியே சொன்னாள். “நான்தான் மடச்சி, நெசம்னு நெனச்சு அழுதேன். ஒனக்குத் தெரியுமே, மகள். படிச்சவ நீ. அன்னைக்கே அந்தாள நிப்பாட்டியிருக்கலாமே?”

துஷாந்தினிக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. உஷாந்தியின் தலையாட்டல், வெள்ளைத்துணிக் கதிரைகள், தான் கண்டுபிடித்த அந்த நியாயம். எதுவும் எட்டாம் மாடி வரைக்கும் ஏறாது.

“நிப்பாட்டியிருக்கணும்க்கா,” என்றாள்.

மட்டக்குளி பஸ் நெரிசலோடு வந்து நின்றது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. யார் யார் தூக்க வருவார்கள் என்று மரியகொறற்றி படியில் ஏறும்போதே போனில் கேட்கத் தொடங்கினாள்.