கிணற்றுத் தண்ணீர் வந்த நாடகம்

முதல் முத்தக் காட்சி படமான அன்று நடிகை மேங் சோரானின் வாயிலிருந்து ஒரு குடம் கிணற்றுத் தண்ணீர் வந்தது. பாசி நாற்றமடித்த அந்தத் தண்ணீரில் ஒரு தவளையும் இருந்தது; உயிரோடுதான் இருந்தது. உதவியாளர்கள் துடைப்பம் கொண்டுவந்து தள்ளினார்கள், ஒப்பனைக்காரி உதட்டுச் சாயத்தைத் திரும்பப் பூசினாள், மதியச் சாப்பாட்டுக்குள் காட்சி முடிந்துவிட்டது.

நாடகம் முற்பிறவிக் காதலைப் பற்றியது. கொரியாவின் பழைய சோசன் அரசர்கள் காலத்துப் பிரபு மகனும் அடிமைப் பெண்ணும் சேர முடியாமல் செத்து, இன்றைய சியோலில் மறுபடி பிறந்து சந்திக்கிறார்கள். பல வருடங்களாகக் கதாநாயகியின் தோழியாகவே நடித்து, திரையின் ஓரத்தில் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்த சோரானுக்கு இதுதான் முதல் பெரிய வேடம். அவள்தான் வேண்டுமென்று கதாநாயகன் கீ டேஹுனே பிடிவாதமாகக் கேட்டிருந்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆனால் அவன் முகம் நெருங்கும்போதெல்லாம் கிணற்றுத் தண்ணீர் மேலேறியது. தண்ணீரோடு ஞாபகமும் வந்தது. அவள் அடிமையாக இருந்தது உண்மை, அவன் பிரபு மகனாக இருந்ததும் உண்மை. காதல்தான் இல்லை. வயிற்றில் பிள்ளையோடு நின்றவளைக் கிணற்றில் தள்ளி, பலகை போட்டு மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தான்.

முன்கியோங் மலையடிவாரத்துப் படப்பிடிப்பு செட்டில் சூப்புச் சோறு தின்றுகொண்டிருந்தவனிடம் நேராகவே கேட்டாள்.

"உங்களுக்கும் ஞாபகம் இருக்குல்ல?"

"பின்ன? அதனாலதானே உன்னையே போடச் சொன்னேன்." பல்லிடுக்கில் சிக்கிய முள்ளங்கியை நகத்தால் நெம்பினான். "அந்தக் காலத்துல அதெல்லாம் சகஜம்டி. நீ ஏன் பெருசு பண்ற?"

கதாசிரியை ஓக் அம்மா விஷயத்தைக் கேட்டுக் கண்கலங்கினார். "ஐயோ, கொன்னவனே தேடி வந்திருக்கான் பாரேன்! இதுக்கு மேல என்னம்மா காதல் வேணும்?" என்று சொல்லி, கடைசிப் பகுதியில் அவள் அவனை மன்னிப்பதாக எழுதிச் சேர்த்தார். அன்று சோரானுக்குச் சோறு இறங்கவில்லை. கிம்ச்சி ஊறுகாயின் வாடைகூட அவன் வாய்நாற்றமாக அடித்தது.

"பேசாம விட்டுட்டுப் போயிருங்கக்கா," என்றாள் ஒப்பனைக்காரி.

"போனா இன்னொருத்திய நிக்க வைப்பாங்க."

கடைசிக் காட்சி அரண்மனை வாசலில், கொட்டும் பனியில் நடந்தது. "அடுத்த பிறவியிலும் உன்னைத் தேடி வருவேன்," என்றான் டேஹுன். காத்திருப்பேன் என்று அவள் சொல்ல வேண்டும்.

"வராதே," என்றாள் சோரான். "நீ நாறுற."

இந்த முறை தண்ணீர் அவன் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் கொட்டியது. அவளுக்கு வயிறு லேசாகி, காலையிலிருந்து இல்லாத பசி எடுத்தது. அன்று மாலையே ஒளிபரப்பாக வேண்டியிருந்ததால் காட்சியைத் திரும்ப எடுக்க நேரமில்லை; அப்படியே போனது.

நாடெங்கும் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கடியில் தண்ணீர் கசிந்தது. டேஹுன் அதன்பின் உலரவே இல்லை. விளம்பரக்காரர்கள் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிறகு தரை துடைக்கும் துணிக்கு அவனை ஒப்பந்தம் செய்தார்கள். சோரான் துப்பறியும் அதிகாரி வேடங்களில் நன்றாகச் சாப்பிட்டு நன்றாக நடித்தாள். நாடகம் மறுஒளிபரப்பாகும்போதெல்லாம் ஜனங்கள் பெட்டிக்கடியில் ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். தேகு நகரத்தில் ஒருத்தி அந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அவன் ஏனென்று கேட்காமல் தள்ளி உட்கார்ந்தான்.